காசிக் கயிறும் கோடாலித் தைலமும்

1988 மே மாதம் நான் சிங்கப்பூர் போகிறேன் என்பது எங்கள் தெருவுக்குத் தெரிந்த அன்று சாயங்காலமே சீட்டு வர ஆரம்பித்துவிட்டது. மளிகைச் சீட்டு மாதிரி நீளவாக்கில் கிழித்த தாள், தலையில் பிள்ளையார் சுழி. எதிர்வீட்டு டீச்சருக்குக் கோடாலித் தைலம் ஆறு புட்டி. கொழுந்தனாருக்கு டிடிகே கேசட் ஒரு டஜன். ஓரகத்திக்கு நைலக்ஸ் புடவை, “ரோஸ் கலர், ஆனா ரொம்ப ரோஸா வேண்டாம்.” எங்கள் வங்கிக் கிளை மேலாளருக்கு செய்கோ கடிகாரம், தேதியோடு கிழமையும் காட்ட வேண்டும். பால்காரர் மட்டும் பெருந்தன்மையாக, “எதுவா இருந்தாலும் சரிங்கம்மா, சிங்கப்பூர்னு எழுதியிருந்தா போதும்” என்றார். 17 பேர், 43 சாமான். காசாளராக இருந்தவள் என்பதால் கணக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. முன்பணம் கொடுத்தவர்கள் இரண்டு பேர். மற்ற 15 பேரும் சொல்லிவைத்தாற்போல ஒரே வாக்கியம்தான் சொன்னார்கள்: “வந்தப்புறம் பாத்துக்கலாம்.”

கடைசியாக மாமா கூப்பிட்டார். மாமா என்றால் மாமனார். திண்ணையில் சாய்வு நாற்காலியில் இருந்தபடியே, “எனக்கு ஒண்ணும் வேண்டாம்மா. முடிஞ்சா ஒரு கைலி” என்றார்.

என் அண்ணன் 1979-லேயே சிங்கப்பூர் போனவர். நாகப்பட்டினத்தில் எம்.வி. சிதம்பரம் கப்பலேறிப் போனார். லீவில் வந்தபோதும் அதிலேதான் வந்தார். கப்பலில் வருகிறவருடைய பெட்டிகளை இறக்க மாட்டுவண்டி பிடிக்க வேண்டியிருக்கும். 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பல் நடுக்கடலில் தீப்பிடித்து, அதோடு அந்தப் போக்குவரத்தே நின்றுபோனது. எனக்கு வாய்த்தது விமானமும் 20 கிலோவும். 43 சாமானை 20 கிலோவுக்குள் அடக்குகிற வித்தையை எந்த வங்கித் தேர்விலும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்போது ஒரு வெள்ளி ஏறக்குறைய ஏழு ரூபாய். (அங்கே தமிழில் டாலர் என்று யாரும் சொல்வதில்லை, வெள்ளிதான்.) விலைச் சீட்டைப் பார்த்ததும் அவர் உதடு அசையும். ஏழாம் வாய்ப்பாடு. செராங்கூன் பிளாசாவில் முஸ்தபா கடையில் ஒரே விலை, பேரம் கிடையாது. அதனால் அங்கே அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ஆர்ச்சர்ட் ரோட்டுப் பக்கம் ஒரு கேமரா கடைக்குப் போனதுதான் வினை. 280 வெள்ளி சொன்னதை 150-க்குக் கேட்டுவிட்டு நடையைக் கட்டினோம், கூப்பிட்டுக் கொடுத்தார்கள். ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் இரண்டு கடை தள்ளிப் போனால் அதே கேமரா கண்ணாடிக்குள் 130 என்று எழுதி உட்கார்ந்திருந்தது. அன்று ராத்திரி முழுவதும் அவர் இருபதை ஏழால் பெருக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவரைத் தேற்ற அண்ணன் சுங்கை ரோட்டுக்கு அழைத்துப் போனார். வாய்க்கால் ஓரமாகத் தரையில் தார்ப்பாய் விரித்துப் பழைய சாமான் விற்கிற இடம். திருட்டுச் சந்தை என்றே பேர். காலையில் காணாமல் போன செருப்பைச் சாயங்காலம் அங்கே போய் விலைக்கு வாங்கலாம் என்பார்கள். உடைந்த குடைக்காம்பு, ஒற்றைக் காதணி, யாரோ ஒரு சீனக் குடும்பத்தின் கல்யாணப் போட்டோ சட்டத்தோடு. அவர் ஒரு பித்தளைக் கவராயம் வாங்கினார், இரண்டு வெள்ளி. சிங்கப்பூரில் வாங்கிய சாமானில் இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்வது அது ஒன்றுதான்.

மாமாவின் கைலியை அரபு ஸ்ட்ரீட்டில் எடுத்தேன். மலாய்க்காரர்கள் கட்டுகிற சாரம், கட்டம் போட்டது, மொடமொடவென்று கஞ்சி வாசனை. நம்மூரில் கிடைக்காத தினுசு என்று சொல்லியே வாங்கினேன். ஊர் வந்து மாமா கையில் கொடுத்ததும் பிரித்து வெயிலில் பிடித்துப் பார்த்தார், ஓரத்தைத் தடவினார், சீட்டைத் திருப்பினார். சின்ன வயதில் பினாங்கில் கொஞ்ச காலம் கடைக்கணக்கு எழுதியவர். “இதுக்கு அங்க என்ன பேர் சொன்னான்?” என்றார். “காயின் பெலிக்காட்னு சொன்னாங்க மாமா.” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “காயின்னா துணி. பெலிக்காட்னா பழவேற்காடு. மெட்ராஸுக்கு வடக்கால இருக்குல்ல, வெள்ளைக்காரன் புலிகாட்னான், மலாய்க்காரன் பெலிக்காட்டுன்னுட்டான். அங்கேருந்து கப்பல்ல போன துணி. நீ பிளேன்ல திருப்பிக் கொண்டாந்திருக்க.” சீட்டில் மெட்ராஸ் என்றே அச்சடித்திருந்தது. நான்தான் அந்தப் பக்கம் திருப்பிப் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. மீனம்பாக்கத்தில் சுங்கத்துறைக்காரர் பெட்டிமேல் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு அனுப்பி, எழும்பூருக்கு ஆட்டோ ஏறிய பிறகுதான் நினைவு வந்தது: ஓரகத்தியின் ரோஸ் புடவையை வாங்கவே இல்லை. மற்ற எதை மறந்திருந்தாலும் சமாளிக்கலாம். ரயிலுக்கு மூன்று மணி நேரம் இருந்தது. பீச் ஸ்டேஷன் எதிரே பர்மா பஜாருக்கு விட்டோம் வண்டியை. பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்கள் பிழைக்க 1969-இல் ஒதுக்கிய கடைவரிசை அது. ‘குருவிகள்’ என்று பேர் வாங்கிய ஆட்கள் சிங்கப்பூரிலிருந்து சுமந்து வருவதெல்லாம் அங்கேதான் இறங்கும். கடைக்காரர், “அக்கா, நேத்து பிளைட்டுல வந்தது” என்று எடுத்துப் போட்டார். நாங்கள் இன்று பிளைட்டில் வந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளவில்லை. விலை சிங்கப்பூரைவிட 40 ரூபாய் குறைச்சல். ஓரகத்தி அதைக் கட்டிக்கொண்டு நாலு கல்யாணத்துக்குப் போய்விட்டு, “என்ன இருந்தாலும் சிங்கப்பூர் புடவை சிங்கப்பூர் புடவைதான்” என்றாள்.

சாமான் வாங்கக் கூடாத ஊர் என்று சொல்லித்தான் என்னை அதற்கு இரண்டு வருஷம் முன்னால் காசிக்கு அழைத்துப் போனார்கள். 1986, வங்கியில் எல்.எஃப்.சி. (விடுமுறைப் பயணச் சலுகை) கிடைத்த வருஷம். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, அப்போது 64 வயது. மாமாவுக்கு மூட்டுவலி, வரவில்லை. மெட்ராஸிலிருந்து கங்கா காவேரி எக்ஸ்பிரஸ், கட்டுச்சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, ராமேசுவரத்துக் கடற்கரை மண் ஒரு மஞ்சள் துணியில். அந்த மண்ணைப் பிரயாகையில் கரைத்துவிட்டு, அங்கே எடுக்கும் கங்கையை ராமேசுவரம் கொண்டுபோய் அபிஷேகம் செய்தால்தான் காசி யாத்திரை பூர்த்தி. நினைத்துப் பார்த்தால் அந்த யாத்திரையே ஒரு சரக்குப் போக்குவரத்துத்தான். இங்கேயிருந்து மண், அங்கேயிருந்து தண்ணீர்.

தவிர, காசிக்குப் போனால் கயை. அங்கே அட்சய வடத்தடியில் ஒரு காய், ஒரு பழம், ஒரு இலை என்று விட்டுவிட்டு வரவேண்டும். அப்புறம் ஆயுசுக்கும் அவற்றைத் தொடக் கூடாது. விரும்பியதை விடுவதுதான் முறை. என் வீட்டுக்காரர் நன்றாக யோசித்து டர்னிப்பை விட்டார். எங்கள் மன்னார்குடி மார்க்கெட்டில் டர்னிப்பை யார் கண்டது? நான் சுண்டைக்காயை விட்டேன். வெளியில் சொல்லிக்கொள்ளும்படியான காரியம் இல்லை. அத்தை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டார். கத்தரிக்காய் இல்லாமல் அத்தைக்குச் சாப்பாடு இறங்காது. அதற்கப்புறம் 18 வருஷம் இருந்தார். எங்கள் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய் செய்கிற அன்று கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துகொள்வார்.

அப்படி விட்டுவிட்டு வந்தவர்கள்தான் விசுவநாதர் சந்துக்குள் நுழைந்ததும் வேறு மனிதர்களாகிவிட்டோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்து. மாடு வந்தால் இருவருமே ஒட்டிக்கொள்ள வேண்டும். அதற்குள் இருபுறமும் கடை. அரிசிக்குள் வைக்கிற பித்தளை அன்னபூரணி, ஸ்படிகம், ருத்திராட்சம், கண்ணாடி வளையல், சாயமேற்றி மெருகு போட்ட மரச்செப்பு. கடைக்காரர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ, தூரத்தில் வரும்போதே, “வாங்க அம்மா, சும்மா பாருங்க, வாங்க வேண்டாம்” என்று தமிழில் கூப்பிட்டார்கள். வாங்க வேண்டாம் என்று சொல்கிற கடையில் வாங்காமல் வர முடியுமா? பட்டுக்கடைக்காரர் முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவி, தீக்குச்சி கிழித்துப் பற்றவைத்தார். மயிர் பொசுங்குகிற நாற்றம். மிஞ்சியதை விரலில் நசுக்கிக் காட்டினார், கறுப்புப் பொடி. நைலான் என்றால் உருகி உருண்டையாகியிருக்கும். அந்த ஒரு நாற்றத்துக்காக அந்த வருஷத்து போனஸில் 1,100 ரூபாய் கொடுத்தேன். புடவை இன்னும் இருக்கிறது. ஓர் இழை குறைவு.

என் வீட்டுக்காரர் மூன்று மிட்டாய்க் கடையில் காசி அல்வா கேட்டார். ஒருவருக்கும் புரியவில்லை. கடைசியாக ஒருவர் பூசணிக்காயில் செய்த வெள்ளைக் கட்டியைக் கொடுத்தார்; ஆக்ராவுக்குப் பேர்போனதாம். காசி அல்வாவைக் கும்பகோணத்தில் இறங்கி வாங்கிக்கொண்டு ஊர்வந்து சேர்ந்தோம்.

எல்லாவற்றையும்விடக் கனம் கங்கைச் சொம்பு. காசியிலிருந்து தண்ணீர் எடுக்கக் கூடாது, பிரயாகையில்தான் எடுக்க வேண்டும் என்றார் சாஸ்திரிகள்; ஆனால் சொம்பு காசியில் மலிவு. கட்டைவிரல் உயரத்திலிருந்து உழக்குவரை 21 செப்புச் சொம்பு வாங்கிச் சாக்கில் கட்டி எடுத்துப் போனோம். சங்கமத்தில் படகிலிருந்து எட்டி அத்தையே ஒவ்வொன்றாக முக்கி எடுத்தார். கரையில் ஒரு கிழவர் கரி அடுப்பும் துருத்தியுமாக உட்கார்ந்திருந்தார். சொம்பு வாய்க்கு மூடியை வைத்து, விளிம்பில் ஏதோ ஒரு பொடியைத் தூவி, பழுக்கக் காய்ந்த கம்பியை ஈயத்தில் ஒற்றி ஒரே சுற்று. சர்ரென்று புகை. சுற்று முடிகிற இடம் தெரியாது. சொம்பைக் கவிழ்த்து உள்ளங்கையில் நாலு தட்டுத் தட்டுவார்; ஒரு சொட்டு இறங்காது. கூலி சொம்புக்கு எட்டணா. அத்தை 21 சொம்பையும் தன் கையால் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் காசு கொடுத்தார்.

ஊரில் எண்ணிப் பார்த்தால் எங்களையும் சேர்த்துப் பங்காளி வீடு 23. விடுபட்ட இரண்டு வீட்டில் ஒன்று எங்களோடு 1991 வரை பேசவில்லை.

2004-இல் அத்தைக்கு நினைவு தப்பிய அன்று, பூஜை அலமாரியில் இருந்த எங்கள் சொம்பை எடுத்தோம். கிழவர் வைத்த ஈயம் அசையவில்லை. ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல், அரிவாள்முனை எல்லாம் போட்டுக் கடைசியில் அடுப்பில் காட்டித்தான் திறக்க முடிந்தது. உள்ளே தண்ணீர் பாதிக்குக் கொஞ்சம் மேல் இருந்தது, பளிங்கு மாதிரி.

இப்போது அந்த ஈயச் சள்ளை எதுவும் இல்லை. 2016-இல் அஞ்சல் துறையே ரிஷிகேசத்திலும் கங்கோத்ரியிலும் எடுத்த கங்கையைப் புட்டியில் அடைத்து விற்க ஆரம்பித்துவிட்டது. ஓய்வூதியக் கணக்கு விஷயமாகத் தபாலாபீஸ் போனபோது சன்னலில் பார்த்தேன், 200 மில்லி புட்டி. பின்னால் நின்றவர் ஒரு ரெவின்யூ ஸ்டாம்பும் ஒரு கங்கையும் கேட்டார்.

அப்படியும் 2023-இல் மறுபடி காசி போனோம். மகன் சிங்கப்பூரிலிருந்தே டிக்கெட் எடுத்து போனுக்கு அனுப்பிவிட்டான். சென்னையில் ஏறி இரண்டரை மணி நேரத்தில் இறங்கினால், கட்டுச்சாதத்தை எங்கே பிரிப்பது? 2021 டிசம்பரில் திறந்த புது வளாகம், ஆற்றங்கரையிலிருந்து கோயிலுக்கு நேராக அகலப் படி, கல் பாவிய முற்றம். வயசான காலுக்கு அது எவ்வளவு சுகம் என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். அத்தை அந்தச் சந்தில் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் முற்றத்தின் நடுவில் நின்று, தீக்குச்சி கிழித்த அந்தக் கடை எந்தப் பக்கம் இருந்தது என்று தேடினேன். திசையே பிடிபடவில்லை. மாடு வந்தால் ஒதுங்கச் சுவர் இல்லை. மாடும் இல்லை.

வேறு கடையில் பட்டு பார்த்தோம். பனாரஸ் புடவைக்கு 2009-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது என்று கடைப் பையன் விளக்கினான். “இழை உருவிக் கொளுத்திக் காட்டுங்க” என்றேன். திகைத்துப்போய், “மேடம், சர்டிபிகேட் இருக்கு” என்றான். வாங்கவில்லை. வாட்ஸப் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டான். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்கு எனக்கு 14 புடவைப் படமும் ஒரு விசுவநாதர் படமும் வந்துகொண்டிருக்கின்றன. காசிக்குப் போனவர் விட்டாலும் காசி விடாது போலிருக்கிறது.

வாங்கியது என்று பார்த்தால் காலபைரவர் கோயில் வாசலில் கறுப்புக் கயிறுதான். ஒரு கத்தை 50 ரூபாய். சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொன்று கொடுத்தால் எந்த வீட்டோடும் பேச்சு நிற்காது.

மறுவருஷம், 2024-இல், மகன் வீட்டுக்கு சிங்கப்பூர் கிளம்பினோம். சீட்டு வரும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஓரகத்தி மகள், “அங்க அப்படி என்ன சித்தி இருக்கு, இங்க கிடைக்காதது?” என்றாள். பேரன் ஒருவன் போனில் விலையை ஒத்துப்பார்த்து, இங்கேதான் மலிவு என்று எனக்கே பாடம் எடுத்தான். பால் இப்போது பாக்கெட்டில் வருகிறது. சிங்கப்பூர் என்று எழுதியிருந்தால் போதும் என்று சொல்ல ஆளில்லை.

சீட்டு கொடுத்தது எதிர்வீட்டு டீச்சர் ஒருவர்தான். 86 வயது, அதே முழங்கால், அதே கோடாலித் தைலம், அதே ஆறு புட்டி. இந்த முறை முன்பணம் வேறு. முக்கு மெடிக்கலிலேயே அது விற்கிறது என்று எனக்குத் தெரியும், டீச்சருக்கும் தெரியும். 1995 முதல் சையத் ஆல்வி ரோட்டில் தெரு நீளத்துக்கு நிற்கிற முஸ்தபா சென்டரில் தேடி எடுத்து வந்து கொடுத்தேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, “பில் இருக்கா?” என்றார். பர்மா பஜார் விவகாரம் எப்போதோ தெருவுக்குத் தெரிந்துவிட்டது போலும். பில்லைக் காட்டினேன். கண்ணாடி போட்டு ஊரின் பெயரைப் படித்துவிட்டுத்தான் காலில் தடவிக்கொண்டார்.

சிங்கப்பூரில் இப்போது சுங்கை ரோட்டுச் சந்தை இல்லை. 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். கவராயம் வாங்கிய இடத்தைக் காட்டுவதாகப் பேத்தியை இழுத்துக்கொண்டு போன என் வீட்டுக்காரர், மெட்ரோ நிலைய வாசலோடு திரும்பி வந்தார். கடலுக்குள் தண்ணீர் துப்புகிற சிங்கமீன் சிலையும் 1988-இல் நாங்கள் படம் எடுத்த இடத்தில் இல்லை. குறுக்கே பாலம் வந்து மறைத்துவிட்டதால் 2002-இல் 120 மீட்டர் தள்ளி வைத்திருக்கிறார்கள், 70 டன் சிலையை. அது 1964-இல் சுற்றுலாக் கழகத்துக்கு அடையாளச் சின்னமாக வரைந்தது, பழைய கதையெல்லாம் கிடையாது என்று மகன் சொன்னான். அதன் சாவிக்கொத்து பத்து வெள்ளிக்கு மூன்று. இப்போதெல்லாம் முதலில் திருப்பிப் பார்த்துவிடுகிறேன். சீனாவில் செய்தது.

2024-இல் ஒரு வெள்ளி 62 ரூபாய். அறுபத்திரண்டாம் வாய்ப்பாடு என் வீட்டுக்காரருக்கும் சட்டென்று வராது. அதனால் பார்க்கிற எதையும் வாங்காமல் இருக்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது. 1988-இல் நாங்கள் போனபோது இல்லாத விற்பனை வரி இப்போது 9 விழுக்காடு. 100 வெள்ளிக்குமேல் வாங்கினால் சுற்றுலாக்காரர்கள் சாங்கி விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டித் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மருமகளுக்கு வாங்கிய மிக்ஸிக்காக அந்த இயந்திரத்தின் முன்னால் நின்றோம். மிக்ஸியே மருமகள் வீட்டில்தான் இருக்கிறது, ஊரைவிட்டு எடுத்துப் போகிற சாமானுக்குத்தான் பணம் திரும்பும் என்பது அப்புறம்தான் உறைத்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் லிட்டில் இந்தியாவில் கேம்பல் லேன். பூக்கடை, மாலைக்கடை, வாழையிலைக் கட்டு, நம்மூர்க் கோயில் வாசல் மாதிரியே இருக்கும். பையில் காசிக் கயிறு வைத்திருந்தேன். மகனுடைய ஆபீஸ் நண்பர்கள் நாலைந்து பேருக்குக் கொடுத்தது போக மிச்சம். ஒரு பூஜை சாமான் கடையில் குங்குமம் வாங்கலாம் என்று நின்றால், கல்லாவுக்கு மேலே ஆணியில் கறுப்பாகக் கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது.

“அது என்ன தம்பி?”

“காசிக் கயிறு அக்கா. காலபைரவர் பாதத்துல வச்சது. ஒண்ணு ரெண்டு வெள்ளி.”

என் வீட்டுக்காரர் என் பையைப் பார்த்தார், கொத்தைப் பார்த்தார். உதடு அசைய ஆரம்பித்தது. கத்தை 50 ரூபாய், கத்தைக்கு 25 கயிறு, ஒரு கயிறு இரண்டு ரூபாய். இங்கே இரண்டு வெள்ளி.

“அங்கயே இன்னும் பத்துக் கத்தை வாங்கியிருக்கலாம்ல?” என்றார்.